பன்னி உண்ணி

செவ்வாய்க்கிழமை காலையில் அமிர்தவள்ளி பாயை விட்டு எழுந்து வாசலுக்குப் போவதற்குள் இரண்டு தரம் விழுந்தாள். முதல் தரம் விழுந்த சத்தத்துக்கு, அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த கெங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் தடுக்கியிருக்கும். இரண்டாம் தரம் விழுந்தவள் எழாமல் உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"யம்மா, காலு என்னுது மாதிரியே இல்லம்மா."

"போடி. மண்டிக்கு நேரமாவுது, இப்பதான் உனக்கு வெளையாட்டு."

"வெளையாட்டு இல்லம்மா. நீயே தூக்கிப் பாரு."

கெங்கம்மாள் களிக்கோலைப் போட்டுவிட்டு வந்து மகளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். கையை எடுத்ததும் முழங்கால் மடிந்தது. சுளுக்கா என்று கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை என்றது பிள்ளை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலும் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டிய தோல் மண்டிக்குப் பின்னால் இருந்தது அவர்கள் வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷத்து மாசி மாதம். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய வாசனைதான். கெங்கம்மாளின் புருஷன் தனகோடி மண்டியில் தோலின் உள்பக்கத்துச் சதையைச் சீவுகிறவன். கெங்கம்மாளுக்கு மயிர் பிடுங்கும் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத் தோலை மரத்தில் விரித்துப்போட்டுக் கொத்துக்கொத்தாக மயிரைப் பிடுங்கவேண்டும். பதினோரு வருஷம் அதைச் செய்ததில் அவள் விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. ரேகை மழுங்கி, சூடு கூடச் சட்டென்று உறைக்காது.

தை மாதக் கடைசியில் மண்டிக்காரர்கள் பத்துக் குடும்பங்களை ஏலகிரி மலைக்கு அனுப்பியிருந்தார்கள். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலைச் சரிவில் கடுக்காய் மரங்களின் அடியில் பொறுக்கி மூட்டை கட்டவேண்டும். எட்டு நாள் வேலை. புல்லால் சின்னச் சின்னக் குடிசை போட்டுக்கொண்டு, சாமைச் சோறும் மலைக்கீரைக் கடைசலும் தின்றுகொண்டு, எல்லோருக்கும் அது திருவிழாவுக்குப் போய்வந்ததுபோலத்தான் இருந்தது. அமிர்தவள்ளி ஒரு சின்னக் கூடையை எடுத்துக்கொண்டு பெரியவர்களுக்கு முன்னால் ஓடினாள். காட்டுப்பன்றிகள் புரண்ட சேற்றுப் பள்ளத்தில் இறங்கிக் கழுத்துவரை பூசிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்து ஐந்தாம் நாள்தான் கால் விழுந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு கால்களும் துணிபோலத் தொங்கின. புதன்கிழமை கையும் போயிற்று. தண்ணீர்ச் செம்பை அவளால் பிடிக்க முடியவில்லை. யூனானி வைத்தியர் ஷபீ அஹமது வீட்டுக்கே வந்து நாடி பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, தன் பையை மூடினார்.

"தனகோடி, மனசுல ஒண்ணு வச்சுகினு வாயில ஒண்ணு சொல்ல எனக்குத் தெரியாது. நாடி நல்லா கீது. ஜுரம் இல்ல. ஆனா கை காலு சொன்னதக் கேக்கல. நான் இத மாதிரி பாத்ததில்ல. நாளைக்கு மூணு மணி பாசஞ்சர்ல வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

அவர் போன பிறகு ரங்கம்மாள் பேச ஆரம்பித்தாள். தனகோடிக்குத் தாய்போல இருந்து வளர்த்த அக்கா அவள். தாலியறுத்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

"அது மலையில கீற கன்னிமாருங்க வேல. சேத்துல போயி பொரண்டா சும்மா வுடுவாங்களா? ஆஸ்பத்திரியில அதுக்கு இன்னா மருந்து கீது? மொதல்ல பூசாரிய கூட்டியா. அப்புறம் எங்க வேணா தூக்கினு போ."

தனகோடி வெளியே போனான். போனவன் பூசாரியோடுதான் வந்தான். பூசாரி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதைப் பிள்ளையின் கழுத்திலும் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் தடிமனாக அப்பிவிட்டு, மறுநாள் சாயங்காலம்வரை கழுவக்கூடாது என்று சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை விடிந்தபோது அமிர்தவள்ளியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. கஞ்சியைப் புகட்டினால் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. மார்பு மட்டும் மேலும் கீழும் வேகமாக அசைந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கண்ணால் அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம், ஸ்டேஷனுக்குப் போக வண்டி கேட்பதற்காகக் கெங்கம்மாள் மண்டிக்குப் போனாள்.

மண்டி முற்றத்தில் கவுஸ் பாஷா தோல் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்தார். வருகிற தோலையெல்லாம் தரம் பிரிப்பது அவர் வேலை. நோன்பு மாதம், எச்சில் கூட விழுங்காமல் காலையிலிருந்து வெயிலில் இருக்கிறார். கோபம் மூக்கு நுனியில் நின்றது. எதிரே ஏலகிரியிலிருந்து தோல் கொண்டுவந்த சின்னாண்டி என்ற மலைக்கார இளவட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னாப்பா இது, ஒரு தோலாவது சுத்தமா கீதா? கழுத்தப் பாரு. உண்ணி கடிச்ச வடு. இத்த எந்த தரத்துல நான் போடறது? எல்லாமே குட்டித் தோலு வேற. குட்டிய ஏன்டா அறுக்கறீங்க?"

"நாங்க அறுக்கல பாய். அதுங்களா செத்துப்போச்சு. வீணாப் போவுதேன்னு உரிச்சு எடுத்தாந்தேன்."

"ஏழு குட்டியும் தானா செத்துச்சா? எனக்கே கதை சொல்றியா?"

"சத்தியமா பாய். மொதல்ல பின்னங்காலு ரெண்டும் வுழுந்துச்சு. மறுநாளு முன்னங்காலு. அப்புறம் தொண்ட அடைச்சுகினு பாலு எறங்கல. நாலா நாளு மூச்சு நின்னுபோச்சு. ஒண்ணொண்ணும் அதே மாதிரி."

வண்டி கேட்க வந்த கெங்கம்மாளுக்குக் கேட்க வந்தது மறந்துபோயிற்று. தோல் குவியலைச் சுற்றிக்கொண்டு போகாமல் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"அண்ணே, இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு. மொதல்ல காலா?"

"ஆமாம்மா. மொதல்ல காலுதான்."

"அப்புறம் தொண்டையா?"

"தொண்ட. அப்புறம் மூச்சு."

"ஒண்ணு கூடப் பொழைக்கலியா?"

"எட்டாவது குட்டி பொழைச்சுது. எம்பொஞ்சாதி சும்மா இல்லாம அத்த மடியில போட்டுத் தடவினா. கழுத்து மயிருக்குள்ள ஒரு உண்ணி உப்பிப்போயி கெடந்துச்சு. புடுங்கிப் போட்டா. விடிஞ்சு பாத்தா குட்டி எழுந்து ஆத்தாகிட்ட முட்டி முட்டிப் பாலு குடிக்குது."

கவுஸ் பாஷா சிரித்தார். "ஒரு உண்ணிக்கு ஒரு ஆடு சாவுமா? மண்டி நாய் மேல ஆயிரம் உண்ணி கீது. அது தெருவெல்லாம் சுத்தி வருது, பாரு."

"அது நாய் உண்ணி பாய். இது வேற. காட்டுப்பன்னி மேல, கடமான் மேல இருக்கறது. நாங்க பன்னி உண்ணின்னு சொல்லுவோம்." சின்னாண்டி குனிந்து ஒரு தோலின் கழுத்து மயிரை விலக்கினான். செத்துக் காய்ந்த ஒன்று அங்கே இன்னும் ஒட்டியிருந்தது. "தலைக்குப் பின்னால பாரு, பொன்னுல பூப் போட்ட மாதிரி இல்ல? பொட்ட உண்ணி. ரத்தம் குடிச்சா ஆமணக்கு வெதை மாதிரி ஆயிடும். எல்லாம் இப்டி பண்றதில்ல. ஏதோ ஒண்ணு ரெண்டுக்குத்தான் இந்த விஷம். அது எதுன்னு பாத்தா தெரியாது."

கெங்கம்மாள் அந்த உண்ணியைப் பார்த்தாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"எம்பொண்ணு ஏலகிரில எட்டு நாளு இருந்தா. காலு வுழுந்து இன்னியோட மூணு நாளு. காலைலருந்து தொண்ட எறங்கல."

சின்னாண்டி கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

"நீ இங்க இன்னாம்மா பண்ற? ஓடு. ஒரு மயிரு வுடாம தேடு. கெடைச்சா நசுக்கிடாத, வவுத்துல கீறதெல்லாம் உள்ள போயிடும். எண்ணெ ஊத்தாத, நெருப்பு வெக்காத. தோலோட ஒட்டுன எடத்துல, வாயண்ட புடிச்சு நேரா இழு. திருகாத."

"வண்டி பின்னால வருது, நீ போ கெங்கம்மா" என்றார் கவுஸ் பாஷா. அவர் இப்போது சிரிக்கவில்லை.

மண்டிக்கும் வீட்டுக்கும் ஒரு கூப்பிடு தூரம். அவள் ஓடிய வேகத்தில் சேலை அவிழ்ந்து தரையில் இழுபட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தலைமயிரைக் கோதத் தொடங்கினாள்.

அமிர்தவள்ளிக்கு இடுப்புவரை முடி. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. முன்னால் பிறந்த இரண்டும் தக்காமல் போனதால், இவளுக்கு ஏழாவது வயது ஆடியில் படவேட்டம்மன் கோயிலில்தான் முதல் மொட்டை என்று ரங்கம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். எண்ணெயும் வேப்பிலை விழுதும் சேர்ந்து அந்த முடி இப்போது சடையாக ஒட்டிக்கிடந்தது. கெங்கம்மாளின் விரல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. சிக்கு, விழுது, தோல் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. உள் மணிக்கட்டை வைத்துத் தடவினாள். அந்த இடத்தில் உணர்வு இருந்தது. ஆனால் முடி குறுக்கே நின்றது.

"யோவ், சவரக் கத்திய எடு" என்றாள்.

தனகோடி புரியாமல் நின்றான். மூச்சு வாங்க நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். ரங்கம்மாள் வந்து பிள்ளையின் தலைமேல் கையை விரித்து மறைத்துக்கொண்டாள்.

"அம்மனுக்கு நேந்த முடிடி! அதுல கத்தி வெக்கறேன்னு நாக்கு கூசாம சொல்றியே. கன்னிமாரு கோவம் போதாதுன்னு படவேட்டாள் கோவத்தயும் சேத்து வாங்கிக் குடுக்கப் போறியா?"

"அண்ணி, கைய எடு."

"எடுக்க மாட்டேன். யாரோ மலைக்காரன் ஆட்டுக்குட்டிக் கதை சொன்னானாம், இவ ஓடியாந்தாளாம். என் தம்பி பொண்ணு இன்னா ஆடா?"

"ஆட்டுக்கும் காலுதான் மொதல்ல வுழுந்துச்சு அண்ணி. அப்புறம் தொண்ட. நாலா நாளு மூச்சு. நாளைக்கு நாலா நாளு." ரங்கம்மாளின் கைமேல் தன் கையை வைத்தாள். "உன் முடி எனக்கு வேணாம். எனக்கு அது மொளைச்ச தல வேணும்."

வாசலில் மண்டி வண்டி வந்து நின்றது. வண்டியோட்டி சர்தார் பாஷா உள்ளே எட்டிப் பார்த்து, "தனகோடி, மணி ரெண்டு தாண்டிருச்சு. ரயிலுக்குன்னா இப்பவே கெளம்பணும்" என்றார்.

எல்லோரும் தனகோடியைப் பார்த்தார்கள். அவன் மகளைப் பார்த்தான். அவள் உதட்டோரத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது.

"வேலூருக்குப் போய்ச் சேர எத்தினி நேரமாவும் பாய்?"

"காட்பாடி போயி, அங்கருந்து வண்டி புடிச்சு... இருட்டிடும்."

தனகோடி உள்ளே போனான். வெளியே வந்தபோது அவன் கையில் சவரக் கத்தி இருந்தது. இடுப்புத் தோல்வாரில் நாலு தீட்டு தீட்டி மனைவியிடம் நீட்டினான்.

"அக்கா, கைய எடு" என்றான். அவன் அக்காவை எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான். ரங்கம்மாளின் கை தானாக விலகியது.

மயிர் எடுப்பது கெங்கம்மாளின் வேலை. எத்தனை ஆயிரம் தோலில் எடுத்திருப்பாள்! உயிருள்ள தோலில் இதுவே முதல் தரம். ஒரு மூச்சு நிறுத்தி, முன்நெற்றியிலிருந்து பிடரிக்கு இழுத்தாள். முடி கத்தைகத்தையாக விழுந்தது. ரங்கம்மாள் அழுதுகொண்டே ஒரு முடிகூடத் தரையில் சிந்தாமல் முந்தானையில் ஏந்தினாள்.

தலை முழுக்க வழித்தாயிற்று. மணிக்கட்டை வைத்து உச்சியிலிருந்து நெற்றிவரை, உச்சியிலிருந்து பிடரிவரை தடவினாள். வழவழவென்று இருந்தது. ஒன்றும் இல்லை. மறுபடி தடவினாள். கக்கத்தில் பார்த்தாள், தொடையிடுக்கில், தொப்புளில், விரலிடுக்கில் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

தூரத்தில் மூன்று மணி வண்டி ஊதிக்கொண்டு போயிற்று.

"போச்சு. ரயிலும் போச்சு, முடியும் போச்சு" என்று ரங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். தனகோடி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். சர்தார் பாஷா மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அதற்குள் வந்திருந்தாள். கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் ஒரு குண்டான் வெந்நீரோடு வந்தாள்.

"மொதல்ல கொழந்தய கழுவு கெங்கம்மா. இந்த மஞ்சள் எல்லாம் காஞ்சு கட்டியா கீது. அது கீழ இன்னா கீதுன்னு எப்டித் தெரியும்?"

பூசாரி அப்பிய விழுது. மூவரும் அதை மறந்துபோயிருந்தார்கள். ஜஹீருன்னிசா நீர் ஊற்ற ஊற்ற, கெங்கம்மாள் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கழுத்து தெரிந்தது, பிடரி தெரிந்தது, இடது காது சுத்தமானது. வலது காதின் பின்மடிப்பில் விழுது கரைந்து ஓடிய பிறகும் ஒரு கட்டி மட்டும் போகாமல் நின்றது. காய்ந்த மஞ்சள் என்று நினைத்து அதை நகத்தால் சுரண்டப் போனவள், சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டிக்குக் கால் இருந்தது.

"வெளிச்சத்துக்குத் தூக்குயா" என்றாள். தனகோடி மகளை ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வெயிலில் பார்த்தார்கள். ஈயச் சாம்பல் நிறத்தில், ஆமணக்கு விதை அளவில், காது மடிப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. தலையை ஒட்டி ஒரு சிறிய பொன் பூ.

கடுக்காய்க் காட்டில் முள் எடுக்க வைத்திருந்த முள்வாங்கி கூரைச் செருகலில் இருந்தது. ஜஹீருன்னிசா பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கெங்கம்மாள் முள்வாங்கியின் நுனியைத் தோலோடு ஒட்ட வைத்தாள். உண்ணியின் வயிற்றில் படாமல் வாயருகில் பிடித்தாள். நேராக இழுத்தாள். வரவில்லை. தோல் மேலே கூடாரம்போல எழும்பி வந்தது. விடாமல், விரைவுபடுத்தாமல் அதே இழுப்பில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்நாளில் அதைவிடப் பொறுமையாக எதையும் செய்ததில்லை. பிறகு தோல் பட்டென்று இறங்கியது. உண்ணி முள்வாங்கியில் எட்டுக் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தது. முழுசாக, தலையோடு வந்துவிட்டது.

தெருவே வாசலில் நின்றது. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை அப்படியேதான் கிடந்தாள்.

"இன்னாடி, ஒண்ணும் ஆவலியே" என்றாள் ரங்கம்மாள், மெல்லிய குரலில்.

"ஆட்டுக்குட்டி விடிஞ்சப்பறம்தான் எழுந்துச்சாம்" என்றாள் கெங்கம்மாள். அவளுக்கே அந்தப் பதில் போதவில்லை.

காத்திருந்தார்கள். மகளை ஒருக்களித்து மடியில் வைத்து, எச்சில் மூச்சுக்குழலில் இறங்காமல் கெங்கம்மாள் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. மண்டியில் வேலை முடிந்து ஆட்கள் ஆற்றில் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்கள். வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்கள். ஒவ்வொரு மூச்சையும் கெங்கம்மாள் தன் தொடையில் வாங்கிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று அவளால் சொல்ல முடியாது, அந்த மூச்சு நீளமாகியிருந்தது. துடைக்கத் துணியை எடுத்தபோது உதட்டோரம் காய்ந்திருந்தது.

"பீபிம்மா," என்று ஜஹீருன்னிசாவைக் கூப்பிட்டாள், "எச்சி வழியல. முழுங்கறா."

மொட்டைத் தலையில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ரங்கம்மாள் விரட்டக் கை ஓங்கினாள். அதற்கு முன்னால் தரையில் கிடந்த அமிர்தவள்ளியின் வலது கை அசைந்தது. ஒரு சாண் எழும்பியது, விழுந்தது. மறுபடி எழும்பி, காதுவரை வந்து, ஈயை விரட்டியது.

தனகோடி வாய்விட்டு அழுதான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. ஜஹீருன்னிசா எழுந்து ஓடி, தான் நோன்பு திறக்குமுன் தன் வீட்டு நோன்புக் கஞ்சியில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். கெங்கம்மாள் அதை ஒரு விரலில் தொட்டு மகளின் நாக்கில் வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. அரைக் கரண்டி கொடுத்தாள். அதுவும் இறங்கியது.

"இன்னும்" என்றாள் அமிர்தவள்ளி.

அந்த ஒரு சொல்லுக்குத் தெருவில் எழுந்த சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் முடிய யாரு எடுத்தா?" என்று ஊரைக் கூட்டினாள். ரங்கம்மாள் முந்தானையில் ஏந்திய முடியை மஞ்சள் துணியில் முடிந்து அன்றே படவேட்டுக்கு நடந்தாள். போகுமுன் கெங்கம்மாளின் கையைப் பிடித்து, அந்த மழுங்கிய விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கெங்கம்மாள் சும்மா இருக்கவில்லை. ஏலகிரிக்குப் போய்வந்த பத்துக் குடும்பத்தையும் மண்டி முற்றத்தில் கூட்டினாள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சின்னாண்டியும் அவளுமாகக் காது, கழுத்து, கக்கம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் முழங்கால் மடிப்பில் ஒன்று, ஒரு பையனின் உச்சந்தலையில் ஒன்று, இரண்டு பன்னி உண்ணி கிடைத்தன. இரண்டையும் கெங்கம்மாளே எடுத்தாள். வேறு யார் கையிலும் முள்வாங்கியைக் கொடுக்க அந்தத் தாய்மார்கள் சம்மதிக்கவில்லை. கவுஸ் பாஷா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "பதினோரு வருஷமா இவளுக்கு நான் வேலை சொல்லினு கீறேன்" என்றார். "இனிமே இவ சொல்றத நான் கேக்கணும்போல கீது."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, ரங்கம்மாள் படவேட்டிலிருந்து திரும்பித் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். வாசலில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்த அமிர்தவள்ளி அவளைப் பார்த்துவிட்டாள். "அத்தே!" என்று கத்தினாள். சுவரை விட்டாள். ஒரு அடி வைத்தாள், இரண்டு வைத்தாள், முழங்கால் லேசாக ஆடியது, நின்றாள். தெருவில் போனவர்களும் நின்றார்கள். பிறகு மொட்டைத் தலை வெயிலில் பளபளக்க, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

கெங்கம்மாள் பதறிப்போய் வாசலுக்கு வந்தாள்.

"ஏய்! ஓடாதடி, வுழுந்துடுவே!" என்று தெரு அதிரக் கத்தினாள்.

கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தெரு முழுக்கச் சிரித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அமிர்தவள்ளி அம்மாவின் பேச்சைக் கேட்கவே இல்லை.